வீட்டில் காய்ச்சும் பியருக்கு ஏற்ற பாட்டிலை எங்கே தேடுவது?

கேள்வி கேட்டிருக்கும் நண்பர் வேலை நிமித்தம் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு வந்து ஓராண்டு ஆகவில்லை. வீட்டில் 20 லிட்டர் வாளியில் அவருடைய முதல் பியர் நொதித்துக்கொண்டிருக்கிறது. புதுப் பாட்டில்களின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், பியர் குடித்து முடித்த பழைய பாட்டில்களையே கழுவிப் பயன்படுத்தலாமா, அவற்றை எங்கே வாங்குவது, அவை வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நானும் இதே ரூர் பகுதியில் பல ஆண்டுகளாகப் பியர் காய்ச்சிவருகிறேன். பாட்டில் விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தும் பார்த்துவிட்டேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடை. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பானக்கடைக்குப் போய், உடலில் எந்த நிறுவனத்தின் பெயரும் வார்க்கப்படாத, பழுப்பு நிறமுள்ள, அரை லிட்டர் பாட்டில்கள் 20 கொண்ட பியர்ப் பெட்டியை நிரம்பிய நிலையில் வாங்குங்கள். பியரைக் குடித்துவிட்டு, பாட்டில்களைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான வழி ஜெர்மனியில் இல்லை. ஏன் நிரம்பிய பெட்டி, ஏன் பெயர் இல்லாத பாட்டில் என்பவற்றுக்குக் காரணங்கள் உண்டு.

இந்நாட்டில் கண்ணாடிப் பாட்டில்கள் இரு குலம். ஒன்று, கடைக்குத் திரும்பி, ஆலைக்குப் போய், கழுவப்பட்டு, மீண்டும் நிரப்பப்படுவது. இதை மேர்வேக் என்பார்கள். மற்றொன்று, ஒருமுறை பயன்பட்டபின் நொறுக்கி உருக்கப்படுவது, அது ஐன்வேக். இரண்டுக்குமே ஃபான்ட் எனப்படும் வைப்புத்தொகை வாங்குகிறார்கள் என்பதால் புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. அடையாளம் காண்பது எளிது: ஒருமுறைப் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 2003ஆம் ஆண்டு முதல் 25 செண்ட், திரும்பிப் போகும் பியர்ப் பாட்டிலுக்கு 8 செண்ட் மட்டுமே, கம்பிக் கொண்டியால் மூடப்படும் பாட்டிலாக இருந்தால் 15 செண்ட். அதாவது, ஃபான்ட் குறைவாக உள்ள பாட்டிலே உங்களுக்கு வேண்டிய பாட்டில். நம் ஊர்க் கணக்குப்படி விலை கூடியதுதான் உசத்தி என்று எண்ணி 25 செண்ட் பாட்டிலைச் சேர்த்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

திரும்பிப் போகும் பாட்டில் தன் வாழ்நாளில் ஐம்பது முறை வரைகூட நிரப்பப்படலாம் என்ற எண்ணத்தில் வார்க்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது லாரியில் குலுங்க வேண்டும், 80 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடா கரைசலில் முங்க வேண்டும், நகரும் பட்டையில் தன் பக்கத்துப் பாட்டில்களோடு உரசிக்கொண்டே செல்ல வேண்டும், அதன்பின் அழுத்தத்தில் நிரப்பப்பட வேண்டும். எனவே அதன் சுவர் தடிமனாகவும், உரசல் விழும் இடங்கள் கூடுதல் கனமாகவும் அமைந்திருக்கும். ஒருமுறைப் பாட்டிலுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை; அது எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு போக்குவரத்துச் செலவு மிச்சம் என்று கருதியே செய்யப்படுகிறது. இரண்டையும் இரு கைகளிலும் தூக்கிப் பாருங்கள். வேறு சோதனையே தேவைப்படாது.

மேர்வேக் பாட்டில்களிலேயே உங்களுக்கு மிகவும் எளிதாகக் கிடைப்பது என்.ஆர்.வே. பாட்டில். நாம் வசிக்கும் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் பெயர்ச் சுருக்கமே அந்தப் பாட்டிலின் பெயராகவும் ஆகிவிட்டது. அரை லிட்டர் கொள்ளளவு, நேரான உடல், சரிந்த தோள், நீண்ட கழுத்து. பவேரியாவின் கோதுமை பியர்கள் பலவும் இதே வடிவப் பாட்டிலில்தான் விற்பனைக்கு வருகின்றன. கோதுமை பியரில் கரியமில வாயு மிகுதி என்பதால், நாம் வீட்டில் ஏற்றும் சாதாரண அழுத்தம் இந்தப் பாட்டிலுக்கு ஒரு பொருட்டே அல்ல. இதற்கு அடுத்தபடியாக ஆய்ரோ பாட்டில் என்று ஒன்று உண்டு. குட்டையாக, சற்றுத் தொப்பையோடு இருக்கும். மியூனிக் நகரத்து அவுகுஸ்டினர் பியரைப் பார்த்திருந்தால் அந்த வடிவம் நினைவுக்கு வரும். அதுவும் நல்ல பாட்டில்தான். ஆனால் இரண்டு வடிவங்களையும் ஒரே தொகுதியில் கலக்காதீர்கள். மூடி அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் கருவியின் உயரத்தை மாற்ற நேரிடும். நாற்பது பாட்டிலுக்கு அந்த வேலை செய்தால் பியர் காய்ச்சும் ஆசையே விட்டுப்போகும்.

இனி கணக்கு. 20 பாட்டிலுக்கு 8 செண்ட் வீதம் 1.60 யூரோ, பிளாஸ்டிக் பெட்டிக்கு 1.50 யூரோ, ஆக ஒரு பெட்டிக்கான ஃபான்ட் 3.10 யூரோ. 20 லிட்டர் காய்ச்சினால் வாளியின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல் போக 36 முதல் 38 பாட்டில்கள் நிரம்பும். அதற்கு 2 பெட்டி போதும். ஆனால் பாட்டிலில் அடைத்த பியர் 3 அல்லது 4 வாரம் முதிர வேண்டும் என்பதாலும், அதற்குள் அடுத்த தொகுதியைக் காய்ச்சக் கை துறுதுறுக்கும் என்பதாலும் 5 பெட்டியாகச் சேர்த்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. நூறு பாட்டில், ஐந்து பெட்டி, மொத்தம் 15.50 யூரோ. அதுவும் செலவு அன்று. என்றைக்கு இந்தப் பொழுதுபோக்கு சலிக்கிறதோ அன்றைக்குக் கடையில் திருப்பித் தந்து பெற்றுக்கொள்ளும் பணம்.

சில கடைகளில் காலிப் பெட்டியையே கேட்டு வாங்க முடியும். லேர்கூட், அதாவது காலிச் சரக்கு, வேண்டும் என்று சொல்லி, ஃபான்ட் தொகையை மட்டும் கட்டினால், கடைக்காரர் பின்கட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தருவார். சங்கிலிக் கடைகளில் இதற்குக் கணினியில் வழியில்லை என்று மறுத்துவிடுவார்கள். தனி முதலாளி நடத்தும் பழைய பானக்கடைகளில் கேட்டால் பெரும்பாலும் நடக்கும். ஆனாலும் நான் நிரம்பிய பெட்டியையே பரிந்துரைக்கிறேன். காலிப் பெட்டியில் இருப்பவை, ஊரில் உள்ளவர்கள் பூங்காவிலும் பால்கனியிலும் குடித்துவிட்டு, சிகரெட் துண்டைப் போட்டு, வாரக்கணக்கில் வெயிலில் வைத்துப் பின்பு திருப்பிய பாட்டில்கள். அவை இன்னும் ஆலைக்குப் போகவில்லை. நிரம்பிய பெட்டியில் உள்ள ஒவ்வொரு பாட்டிலோ அண்மையில்தான் ஆலையில் கழுவப்பட்டு, வாய் உடைந்ததும் விரிசல் விட்டதும் உள்ளே அழுக்குத் தங்கியதும் கேமராக்களால் கண்டறியப்பட்டு விலக்கப்பட்டபின், தேர்ச்சி பெற்று வந்தது. அந்தச் சோதனையை நம் சமையலறையில் நம்மால் செய்ய முடியாது. எட்டு செண்டுக்கு அது இலவசமாகச் சேர்ந்து கிடைக்கிறது.

உடலில் பெயர் வார்க்கப்படாத பாட்டில் என்று நான் வற்புறுத்துவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஜெர்மனியின் பெடரல் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் வழங்கிய தீர்ப்பொன்றில், பல ஆலைகளும் பொதுவாகப் பயன்படுத்தும் பாட்டிலையும், ஓர் ஆலையின் பெயர் அழிக்க முடியாதபடி பொறிக்கப்பட்ட பாட்டிலையும் பிரித்துப் பார்த்தது. பொதுப் பாட்டிலை நீங்கள் வாங்கும்போது அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பெயர் பொறித்த பாட்டிலின் உரிமையோ எத்தனை கை மாறினாலும் அந்த ஆலையிடமே இருக்கிறது, நீங்கள் கட்டிய ஃபான்ட் அதைத் திருப்பித் தருவதற்கான பிணைத் தொகை மட்டுமே. உங்கள் நிலவறையில் பத்துப் பாட்டிலை வைத்திருப்பதற்காக எவரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. ஆயினும் அடுத்தவர் பொருள் என்று தெரிந்தபின் அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. பொதுப் பாட்டில் தாராளமாகக் கிடைக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. பெட்டிகளின் நிலை வேறு. அவற்றில் எப்போதும் ஆலையின் பெயர் இருக்கும். ஆகவே பெட்டிகளை இரவல் வாங்கியவை என்றே கருதுங்கள். அவற்றில் ரம்பத்தை வைக்காதீர்கள், பெயின்ட் பூசாதீர்கள்.

இது வெறும் நெறிமுறைப் பேச்சு அன்று. 2018ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கொளுத்தியபோது, நம் பக்கத்து ஊரான போகுமில் உள்ள ஃபீகெ என்ற ஆலை, பியர் இருக்கிறது, ஊற்றத்தான் பாட்டில் இல்லை என்ற நிலைக்கு வந்து, விடுமுறைக்குக் கிளம்பும் முன் காலிப் பாட்டில்களைத் திருப்பித் தந்துவிட்டுப் போகும்படி வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தது. ஜெர்மனி முழுவதும் செய்தியாக ஓடிய விஷயம் அது. ஃபான்ட் தொகை 8 அல்லது 15 செண்ட்தான். ஒரு புதுப் பாட்டிலை வார்த்து வாங்க ஆலைக்கு ஆகும் செலவு அதைவிடக் கூடுதல். நாம் தேவைக்கு மேல் பதுக்கும் ஒவ்வொரு பாட்டிலும் எங்கோ ஒரு சிறிய ஆலையின் கணக்கில் நட்டமாக விழுகிறது. எனவே நூறு பாட்டில் போதும், முந்நூறு வேண்டாம்.

கம்பிக் கொண்டிப் பாட்டில்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1875ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த மூடியை இன்றும் விடாமல் பயன்படுத்தும் ஆலைகள் இங்கே உண்டு; வடக்கே ஃபிளென்ஸ்பூர்க் ஆலை அந்த மூடி திறக்கும் ஓசையையே விளம்பரமாக்கிக்கொண்டது. மூடி அடிக்கும் கருவி வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினால் போதும் என்பதால் தொடக்கக்காரருக்கு இது பெரும் வசதி. குறைகள் இரண்டு. பல ஆலைகள் மூடியின் தலையிலேயே பெயரை அச்சிட்டிருக்கும்; அப்போது மேலே சொன்ன உரிமைக் கேள்வி வரும். மற்றது, சிவப்பு நிற ரப்பர் வளையம். அது நாளடைவில் இறுகி, வெடித்து, வாயுவைக் கசியவிடும். பியர் தட்டையாகிப்போய், நீங்கள் சர்க்கரைக் கணக்கில் தவறு செய்ததாக எண்ணிக் குழம்புவீர்கள். வளையம் சில செண்டுகளுக்குத் தனியாகக் கிடைக்கிறது. பழைய பாட்டில் வாங்கினால், நிலைமை எப்படி இருந்தாலும், முதல் வேலையாக வளையத்தை மாற்றிவிடுங்கள்.

இனி வெடிப்பது பற்றி. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பியரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம் கரியமில வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும். சாதாரண பியருக்கு லிட்டருக்கு 5 கிராம் வேண்டும். மீதியை உண்டாக்கவே பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை சேர்க்கிறோம். ஈஸ்ட் தின்னும் சர்க்கரையில் எடையில் பாதியளவு வாயுவாக மாறுவதால், லிட்டருக்கு 6.5 கிராம், 20 லிட்டருக்கு 130 கிராம் என்று வருகிறது. அப்போது 20 டிகிரியில் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் 2 பார்; உங்கள் காரின் டயரில் அடிக்கும் காற்றுக்குச் சற்றுக் குறைவு. அதே பாட்டில் கோடையில் மாடி அறையில் 30 டிகிரியில் நின்றால் 3 பாரை நெருங்கும். கோதுமை பியருக்கென்று 7 கிராம் ஏற்றினால், 20 டிகிரியிலேயே 3 பார்.

இவை யாவும் நல்ல பாட்டில் தாங்கும் அளவுகள். ஆபத்து வருவது நொதித்தல் முடியும் முன்பே அவசரப்பட்டு அடைக்கும்போதுதான். ஈஸ்ட் தின்றிருக்க வேண்டிய சர்க்கரைச் சாறு ஒரு பிளாட்டோ (சாற்றில் கரைந்துள்ள சர்க்கரையை அளக்கும் அலகு) அளவு மிஞ்சியிருந்தாலே அது பாட்டிலுக்குள் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் வாயுவை மேலும் உண்டாக்கும். அழுத்தம் 4 பாரைத் தாண்டிவிடும். எனவே அடர்த்திமானியில் அளவு மூன்று நாள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின்பே பாட்டிலைத் தொடுங்கள். பாட்டில் வெடித்தது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பாட்டிலைக் குறை சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் நாட்காட்டியில் இருக்கும்.

என் விஷயத்தில் குற்றம் இரண்டிலும் இருந்தது. முதல் ஆண்டு, வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் சதுர வடிவில், நிறமற்ற கண்ணாடியில், கொண்டி மூடியோடு இருந்த பாட்டில்கள் அழகாகத் தோன்றின, பன்னிரண்டு வாங்கினேன். எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் ஊற்றிவைக்கச் செய்யப்பட்டவை அவை. வாயு அழுத்தத்துக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு நிலவறையிலிருந்து ஓர் ஓசை. கீழ்த்தளத்து மூதாட்டி கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் ஒரு பாட்டில் தன் நான்கு மூலைகளிலும் பிளந்து, ஒரு சில்லு எதிர்ச் சுவரில் இருந்த அட்டைப்பெட்டியைத் துளைத்து உள்ளே போயிருந்தது. வட்டமான சுவரில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். சதுரத்தில் தட்டையான பக்கங்கள் வெளியே புடைக்க முயல்வதால் இழுவிசை முழுவதும் மூலைகளில் குவியும். மீதிப் பதினொன்றையும் தடித்த சாக்கைப் போர்த்தி, வெல்டிங் கண்ணாடி அணிந்து, ஒவ்வொன்றாகத் திறந்து வடிகாலில் கொட்டினேன். நம்மூர்த் தெருச் சண்டைகளில் சோடா பாட்டிலை ஏன் ஆயுதமாக எடுத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் முழுமையாகப் புரிந்தது. கோலி சோடா பாட்டில் அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கியதற்குக் காரணம் அதன் கனத்த, உருண்ட கண்ணாடி. என் சதுரப் பாட்டிலில் இரண்டுமே இல்லை.

ஆகவே ஒயின் பாட்டில், ஜாம் புட்டி, பழச்சாற்றுப் பாட்டில், அலங்காரப் பாட்டில் எதுவும் வேண்டாம். ஷாம்பெயின் பாட்டில் மட்டும் விதிவிலக்கு. அது பியர்ப் பாட்டிலைவிடவும் வலிமை மிக்கது. ஆனால் அதன் வாய்க்குப் பெரும்பாலும் 29 மில்லிமீட்டர் மூடி வேண்டும்; வழக்கமான பியர் மூடி 26 மில்லிமீட்டர். கருவியின் தலையையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், விசேஷத்துக்கென்று ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். கையால் திருகித் திறக்கும் வகையில் வாயில் மெல்லிய மரை உள்ள பியர்ப் பாட்டில்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் மீது சாதாரண மூடி உட்காரும், சில சமயம் நன்றாகவே பிடிக்கும்; ஆனால் நாற்பதில் நான்கு கசிந்தாலும் எந்த நான்கு என்று முன்கூட்டித் தெரியாது. நல்லவேளையாக, ஜெர்மனியின் அரை லிட்டர்ப் பொதுப் பாட்டில்களில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பாட்டில் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய முறையைச் சொல்கிறேன். கழுவி ஈரம் காய்ந்த பாட்டிலைச் சமையலறை விளக்குக்கு நேராகப் பிடித்து, வாய் வழியாக அடிப்பகுதியைப் பாருங்கள். அடியில் சாம்பல் நிற வளையம் தெரிந்தால் அது காய்ந்த ஈஸ்ட் அல்லது பூஞ்சை. வெறும் நீரில் போகாது. பிறகு பாட்டிலைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். தோளிலும் அடிவயிற்றிலும் வெள்ளையாக, சுண்ணாம்பு தேய்த்ததுபோல் இரண்டு பட்டைகள் தெரியும். ஆலையின் நகரும் பட்டையில் மற்ற பாட்டில்களோடு உரசிய தழும்பு அது. மெல்லிய கோடாக இருந்தால் பாட்டில் இளசு. விரல் அகலத்துக்குச் சொரசொரப்பாக இருந்தால் பல சுற்றுப் பார்த்த கிழம். கண்ணாடியின் பலம் அதன் மேற்பரப்பில் இருப்பதால், கீறல் மிகுந்த பாட்டிலைக் கடையில் திருப்பித் தந்துவிடுவதே நல்லது. கடைசியாக, வாயின் விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் நுனியை வைக்காதீர்கள், கீறிவிடும். நகம் எங்காவது தட்டினால் அங்கே சிறு சில்லு பெயர்ந்திருக்கிறது. அதன்மேல் மூடி காற்றுப் புகாமல் அமராது. அந்தச் சில்லு பியருக்குள் விழவும் கூடும்.

மூடி அடிக்கும் கருவியில் இரண்டு கைப்பிடி கொண்ட மலிவான வகை, பாட்டிலின் கழுத்தில் உள்ள வளையத்தைக் கவ்விக்கொண்டு மூடியை அழுத்தும். கைவலு கூடினாலோ பாட்டில் கிழடாக இருந்தாலோ கழுத்து முறியும். மேசைமேல் நிறுத்தி நெம்புகோலால் மேலிருந்து அழுத்தும் வகை சற்று விலை கூடுதல். ஆனால் அது கழுத்தைத் தொடுவதே இல்லை. மறுபயன்பாட்டுப் பாட்டிலை நம்பித் தொழில் செய்பவருக்கு அந்த இரண்டாவது வகையே சரி.

லேபிளைப் பற்றி ஒரு செய்தி. திரும்பிப் போகும் பாட்டிலில் லேபிளை ஒட்டும் பசையும் திரும்பிப் போவதற்கென்றே செய்யப்பட்டது. ஆலையின் கழுவும் எந்திரத்தில் காகிதம் தானாகக் கழன்று விழ வேண்டும் என்பதால் அது சூடான காரநீரில் இளகிவிடும். குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, சலவைச் சோடாவை இரண்டு கை போட்டு, பாட்டில்களை இரவு முழுவதும் மூழ்கவைத்தால் காலையில் லேபிள்கள் மிதந்துகொண்டிருக்கும். சோடா நீரில் கையுறை அணியுங்கள். இறக்குமதிப் பியர்களின் பிளாஸ்டிக் லேபிளைச் சுரண்டிச் சுரண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லேபிள் எளிதில் கழலவில்லை என்றால், அந்தப் பாட்டில் மறுபடி நிரப்பப்படுவதற்காகப் பிறக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

லேபிள் போன பாட்டிலைத் தூரிகை போட்டுத் தேய்த்து அலசி, அடைக்கும் நாளன்று மட்டும் கிருமிநீக்கம் செய்தால் போதும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, அலசத் தேவையில்லாத கிருமிநாசினியைப் பயன்படுத்துகிறேன். அடுப்புப் பெட்டியில் வைத்துச் சூடேற்றும் முறையைச் சிலர் சொல்வார்கள். கண்ணாடியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குளிர்விப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடுவதானால் பளபளப்புத் திரவம் இல்லாமல் போடுங்கள். அதன் மிச்சம் பியரின் நுரையைக் கொன்றுவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை பழுப்பு, பழுப்பு, பழுப்புதான். பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளில் நீல ஒளி பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகி, பியர் நாற்றமெடுக்கும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியை மறிக்கிறது; பச்சை ஓரளவுதான் மறிக்கும், நிறமற்றது மறிப்பதே இல்லை. இருட்டான நிலவறையில் வைப்பவருக்குப் பச்சையும் பரவாயில்லை.

பிளாஸ்டிக் பாட்டிலை முழுவதுமாக ஒதுக்க வேண்டாம். சோடா விற்கும் பெட் பாட்டில் அழுத்தத்தை நன்கு தாங்கும். உயிர்வளி மெல்ல ஊடுருவுவதால் நீண்ட நாள் வைக்கத்தான் ஆகாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒரு பெட் பாட்டிலை நிரப்பி, மற்றவற்றுக்கு நடுவே வையுங்கள். நாள்தோறும் அதை அழுத்திப் பாருங்கள். கண்ணாடி தன் உள்ளே நடப்பதைக் காட்டாது, இது காட்டும். கல்லைப்போல் இறுகியதும் எல்லாப் பாட்டில்களையும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிடலாம். வழக்கத்தைவிட வெகு சீக்கிரமே கல்லாகிவிட்டால், எங்கோ கணக்குத் தவறியிருக்கலாம் என்று முன்னெச்சரிக்கை பெற்று, மற்றவற்றைச் சாக்குப் போர்த்தித் திறக்கத் தொடங்கலாம்.

சட்டம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு: சொந்தப் பயன்பாட்டுக்கு, விற்காமல் காய்ச்சுவதற்கு இங்கே வரியில்லை. ஆண்டுக்கு 200 லிட்டராக இருந்த வரம்பு 2024 முதல் 500 லிட்டராகியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் அங்கே இதைச் செய்துபார்க்க எண்ண வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இன்றி மது தயாரிப்பது அங்கே குற்றம். ஆனால் பாட்டிலைத் திருப்பும் பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. காட்டில் வீசப்பட்ட பாட்டில்கள் விலங்குகளின் கால்களைக் கிழித்ததால், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டின் பேரில் 2022இல் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. சிறுவயதில் காயலான் கடைக்குக் காலிப் பாட்டில் சுமந்தவர்களுக்கு ஃபான்ட் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

நம்மவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: காலிப் பாட்டிலில் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றிவைக்கும் வழக்கத்தை இந்தப் பாட்டில்களிடம் காட்டாதீர்கள். அப்படி ஒன்று தப்பித்தவறிக் கடைக்குத் திரும்பினால், அடுத்து அதில் பியர் குடிப்பவர் எவரோ ஒருவர்.

உங்கள் வாளியில் நொதித்துக்கொண்டிருக்கும் பியருக்கு இன்னும் ஒரு வாரமாவது இருக்கிறது. அதற்குள் இரண்டு பெட்டி வாங்கி, அலுவலக நண்பர்களையும் அழைத்துக் குடித்து முடியுங்கள். இந்தப் பகுதியில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய என்பதால், கல்யாண மண்டபங்களில் விருந்து முடிந்தபின் போத்தல் இருக்கிறதா என்று கேட்டாலும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். ஒவ்வொரு பாட்டிலையும் காலியான அந்த நிமிடத்திலேயே வெந்நீரால் மூன்று முறை குலுக்கி ஊற்றி, தலைகீழாகப் பெட்டியில் கவிழ்த்துவிடுங்கள். அதை மறுநாளைக்கு என்று தள்ளினால், அடியில் அந்தச் சாம்பல் வளையம் படிந்திருக்கும். பிறகு தூரிகையும் சோடாவும் குளியல் தொட்டியும்தான்.